திண்ணை போயிற்று; கணக்கும் போவதா?

பூம்புகார் எண்ணிப் பழகிய ஊர். காவிரி கடலோடு கலக்கும் அத்துறையில், வந்திறங்கிய பொதிகளையும் ஏற்றியனுப்பிய பொதிகளையும் அளந்து, சோழனின் புலிப்பொறி இட்டு, உல்கு கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. அளவறியாதவன் அங்கு வணிகனாகவும் இருந்திருக்க முடியாது. உல்கு கொள்ளும் அரசுப் பணியாளனாகவும் இருந்திருக்க முடியாது. எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்குக் கண்களாக வைத்த வள்ளுவரும் எண்ணையே முன்னர் வைத்தார்.

2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் இன்று அடங்கியிருக்கும் அப் பூம்புகாரில், மாலைப்பொழுதில் நடப்பது என்ன? பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுள் கையில் பணமுள்ளோர் வீட்டுப் பிள்ளைகள், மூட்டையை மாற்றிக்கொண்டு மீண்டும் புறப்படுகின்றனர். ‘டியூசன்’ என்று ஊரே சொல்லப் பழகிவிட்ட தனிப்பயிற்சிக்கு, சீர்காழி என்றும் மயிலாடுதுறை என்றும் விரைகின்றனர். கடலுக்குப் போனவரின் பிள்ளையும், கூலிக்கு நாற்று நட்டவரின் பிள்ளையும் தெருவில் நிற்கின்றனர். இருவரும் பகலில் ஒரே பாடத்தைத்தான் கேட்டனர். ஒருவனுக்கு விளங்காத இடத்தை மாலையில் ஒருவர் விலைக்கு விளக்குகின்றார். மற்றவனுக்கு அது விளங்காமலே விடிகின்றது. மறுநாள் வகுப்பு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகின்றது.

வரலாற்றுப் பாடத்தில் ஒரு பகுதியை விட்டவன் அடுத்த பகுதியை எப்படியோ படித்துக்கொள்வான். கணக்கில் அது நடவாது. கூட்டல் அறியாதவனுக்குப் பெருக்கல் இல்லை. பெருக்கல் அறியாதவனுக்கு வகுத்தல் இல்லை. அடுக்கில் ஒரு கல் உருவப்பட்டால் மேலுள்ளவை அனைத்தும் ஆடும். ஆகவேதான் பெற்றோர் வேறெந்தப் பாடத்திற்கு முன்னும் கணக்கிற்குத் தனிப்பயிற்சி தேடுகின்றனர். தேடுவது தவறன்று. ஒரு பிள்ளையின் முன் ஓர் ஆசான் அமர்ந்து, அப் பிள்ளை நிற்கும் படியிலிருந்து அதனைக் கைப்பிடித்து ஏற்றுவதே கணக்கு கற்பிக்கும் முறைகளுள் தலையாயது. ஆனால் அம்முறை, பணமுள்ளோர் மட்டும் விலைக்கு வாங்கும் சரக்காக மாறியிருப்பதே கொடுமை. அதனினும் கொடுமை, அஃது இந்த மண்ணின் திண்ணைகளில் விளைந்த முறை என்பதைத் தமிழரே மறந்திருப்பது.

திண்ணையில் நடந்தது

பழைய திண்ணைப்பள்ளியில் இன்றைய பொருளில் வகுப்பு என்பதே இல்லை. ஐந்தகவைச் சிறுவனும் பன்னிரண்டகவைச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். ஒருவன் பரப்பிய மணலில் விரலால் எழுத்து வரைவான். அடுத்தவன் பொன்னிலக்கம் சொல்லுவான். முந்திரி, காணி, மா, கால், அரை என்னும் கீழ்வாயிலக்கங்களும் அவற்றின்மேல் எழும் முழு எண்களும் அதில் அடங்கும். மூன்றாமவன் நெல்லிலக்கம் படிப்பான். செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று முகத்தலளவை அதில் படிப்படியாய் ஏறும். மூத்தவன் எண்சுவடியின் வாய்பாடுகளைக் கடந்து, நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிப் பரப்புக் காணும் குழிமாற்றில் நிற்பான். ஒரே கூரையின் கீழ் நான்கு அகவை; நான்கு பாடம்; நான்கு விரைவு. ஒருவன் ஒன்றை முடித்த அன்றே அடுத்ததைத் தொடங்கலாம். முடிக்காதவனை இழுத்துச் செல்ல ஆண்டுத்தேர்வு என்னும் கயிறு இல்லை.

ஆசான் ஒருவரே இத்தனை பேர்க்கும் எப்படி ஈடுகொடுத்தார்? மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் இருந்து இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்ததனாலேயே தன் பாடத்தையும் உறுதியாக்கிக்கொண்டான். கும்பகோணத்திற்கு அருகே உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதர் தம் வரலாற்று நூலில் அக்காலப் பள்ளியைக் காட்டியிருக்கின்றார். மாலையில் வீடு திரும்பும்போது ஆசான் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லியனுப்புவாராம். அவன் அதனை மறவாமல் மறுநாள் வந்து சொல்லவேண்டுமாம். பார்ப்பதற்குச் சிறு விளையாட்டு. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு சொல் கொடுத்து, மறுநாள் தனித்தனியே கேட்க வேண்டுமாயின், அந்த ஆசான் ஒவ்வொரு பிள்ளையையும் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசியாக வேண்டும். இன்று நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில், ஒரு கிழமை முழுதும் ஆசிரியரின் ஒரு வினாவேனும் தன்னை நோக்கி வாராத பிள்ளைகள் எத்தனை பேர்?

பூம்புகாரிலிருந்து கரையோரமாய்த் தெற்கே சில கல் தொலைவில் தரங்கம்பாடி இருக்கின்றது. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டேனிய அரசன் அனுப்பிய செருமானியரான சீகன்பால்கு அங்கு வந்திறங்கினார். கிறித்துநெறி பரப்ப வந்த அவர், தமிழ் கற்க வேண்டி, முதிய திண்ணை ஆசான் ஒருவரைத் தம் மாணவரோடு தம் இடத்திற்கே வரச்செய்து, சிறுவர்களோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுத்து வரைந்து பழகினார். பின்னாளில் தமிழில் நூல் அச்சிட்ட கை, முதலில் தமிழ்ப் பிள்ளைகளின் நடுவே மணலைத் தடவிய கை. இருபதகவை கடந்த வேற்றுநாட்டாரும் ஐந்தகவைச் சிறுவனும் ஒரே திண்ணையில் ஒரே ஆசானிடம் அவரவர் படியில் நின்று கற்க முடிந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கடல் கடந்த முறை

இம்முறை தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. இசுக்காத்துலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான கைவிடப்பட்டோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அவருடைய எண்ணத்திற்கு இசைந்துவரவில்லை. ஒருநாள் அவர் குதிரையில் செல்லும் வழியில், திண்ணைப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளிக்குத் திரும்பி, மணலைப் பரப்பச் செய்து, எட்டு அகவைச் சிறுவன் ஒருவனை இளையவர்க்கு எழுத்துக் கற்பிக்க வைத்தார். முயற்சி பலித்தது. 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். ‘மதராசு முறை’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு இசுக்காத்துலாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் எழுந்த பள்ளி, இன்றும் மதராசுக் கல்லூரி என்றே அழைக்கப்படுகின்றது.

ஆயினும் கடல் கடந்தபோது அம்முறையின் பாதி மட்டுமே சென்றது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது சென்றது. பிள்ளைக்குப் பிள்ளை பார்க்கும் பொறுமை செல்லவில்லை. இலண்டனில் லங்காசுட்டர் என்பார் நடத்திய பள்ளியில் ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வரிசை வரிசையாய் நிறுத்தப்பட்டனர். படைப்பயிற்சி போலக் கட்டளை முழங்கிற்று. குறைந்த செலவில் மிகுந்த பிள்ளைகள் என்பதே நோக்கமாயிற்று. பின்னர் ஐரோப்பாவில் வளர்ந்த வகுப்புமுறை, அகவை ஒத்தவரை ஓர் அறையில் அடைத்து, அனைவர்க்கும் ஒரே நாளில் ஒரே பாடத்தை வைத்தது. ஆங்கிலேயரின் கல்வித்துறை அதனையே இங்குக் கொண்டுவந்து நட்டது. திண்ணை தேய்ந்தது. தமிழ் மண்ணிலிருந்து போனது ஒன்று. திரும்பி வந்தது வேறொன்று.

புகழ் மட்டும் பேசுதல் போதாது

திண்ணைப்பள்ளியைப் பொற்காலமாக்கிப் பாடுவதும் பிழையாகும். ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் கணக்கெடுக்கப் பணித்து, 1826இல் எழுதிவைத்த குறிப்பு உள்ளது. தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் அடங்கியிருந்த அன்றைய சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஒரு பள்ளிக்குப் பதினைந்து பேர் என்று வருகின்றது. முகம் பார்த்துக் கற்பிக்கத் தக்க அளவு அது. ஆனால் அந்த 1,88,650 பேருள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ ஊர்த்திண்ணை பெரும்பாலும் மூடியே கிடந்தது. சேற்றில் இறங்கி நெல் விளைவித்தவனின் பிள்ளை நெல்லிலக்கம் கேட்க முடியவில்லை. பிரம்பின் கொடுமையும் பெரிது. பிள்ளையைக் கட்டித் தொங்கவிட்டு ஒறுக்கும் கோதண்டம் என்னும் கொடுமையும் இருந்தது. பொருள் விளங்காமல் நெட்டுருப் போட்டதும் உண்டு.

ஆகவே மீட்க வேண்டியது திண்ணையின் சாதியை அன்று; பிரம்பை அன்று; நெட்டுருவை அன்று. பிள்ளை எந்தப் படியில் நிற்கின்றது என்று குனிந்து பார்த்த அந்தப் பார்வையை மட்டும் மீட்டால் போதும். அப்பார்வை கணக்கில் என்ன செய்யும் என்பதை மூன்று பிள்ளைகளைக் கொண்டு காணலாம். இம்மூவரும் எந்தத் தெருவிலும் இருப்பவர்கள்.

மூன்று அகவை, மூன்று பிழை

முதற்பிள்ளைக்கு அகவை ஏழு. ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகின்றது. வகுப்பில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு கிடைக்கும். அருகில் அமர்ந்தவரோ, “எப்படி எழுதினாய்?” என்று கேட்பார். பிள்ளை சொல்லும்: “நூறு எழுதினேன், பக்கத்தில் ஐந்து எழுதினேன்.” இஃது அறியாமை அன்று, காதில் விழுந்ததை முறையாக எழுதியதே ஆகும். பழந்தமிழ் எண்முறையில் நூற்றுக்கு ௱ என ஒரு குறி. அதன் பக்கத்தில் ௫ இட்டால் நூற்று ஐந்து. அப்பிள்ளை தன் முன்னோர் வழியில் நடந்திருக்கின்றது. இன்றைய இடமதிப்பு முறையை மட்டும் இன்னும் அறியவில்லை. நூறு புளியங்கொட்டை ஒரு பையில், பத்துக்கட்டு எதுவும் இல்லை, தனிக்கொட்டை ஐந்து என்று மூன்று இடம் பிரித்து வைத்து, நடுவிடம் வெறுமையாய் இருப்பதைக் காட்டினால், சுழியம் ஏன் வந்தது என்பது பத்து மணித்துளியில் விளங்கிவிடும். கோடு கிழித்தவர்க்கு ஒரு நொடியும் போதும்; ஆனால் பிள்ளைக்கு அக்கோட்டினால் விளங்கியது ஒன்றுமில்லை.

இரண்டாம் பிள்ளைக்கு அகவை பதினொன்று. காலும் ஐந்தில் ஒன்றும் கூட்டச் சொன்னால், மேலெண்களைக் கூட்டி இரண்டு, கீழெண்களைக் கூட்டி ஒன்பது, ஆக ஒன்பதில் இரண்டு என்கின்றது. நாடெங்கும் பிள்ளைகள் செய்யும் பிழை இது. இதற்கு மருந்து காவிரிப்படுகையின் வரப்பிலேயே கிடக்கின்றது. இங்கு ஒரு வேலி என்பது இருபது மா. இன்றும் உழவர் வாயில் ‘மூன்று மா நிலம்’, ‘அரை வேலி’ என்றே பேச்சு வருகின்றது. அப்பிள்ளையிடம் கேட்கலாம்: “கால் வேலி எத்தனை மா?” “ஐந்து மா.” “வேலியில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனை மா?” “நான்கு மா.” “இரண்டும் சேர்ந்தால்?” “ஒன்பது மா.” “இருபதில் ஒன்பது. நீ சொன்ன ஒன்பதில் இரண்டு எத்தனை மா வரும்?” கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலரை மாவிற்கும் குறைவு. “ஐந்து மா வைத்திருந்தவனுக்கு மேலும் நான்கு மா கொடுத்தால், அவன் நிலம் ஐந்து மாவினும் குறைந்துபோகுமா?” பிள்ளை சிரிக்கும். சிரித்த அக்கணத்தில் அது கற்றுக்கொண்டது. இனி எந்நாளும் மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கண்மூடிக் கூட்டாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழ்க் கீழ்வாயிலக்கத்தில் இருபதில் ஒன்றுக்கு மா என்றே பெயர். ஐந்தில் ஒன்றுக்கு நாலுமா என்றே பெயர். மாவில் கால்பங்கு காணி. அஃது எண்பதில் ஒன்று. காணியில் கால்பங்கு முந்திரி. அது முந்நூற்றிருபதில் ஒன்று. எண்ணின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றாய் இருக்கும் மொழியில், வரப்பில் நிற்கும் பிள்ளை எண்ணின்மேலேயே நிற்கின்றது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் நிலத்தை வேலியிலிருந்து மா, காணி, முந்திரி என்றும், அதன் கீழும் இறங்கி எழுதிவைத்திருப்பது இவ்வாற்றலினாலேயே. பொன்னி நாட்டுக் கொறுக்கையூரைச் சேர்ந்த காரிநாயனாரின் கணக்கதிகாரமும் இம்மண்ணின் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் கொண்டே கணக்குக் கற்பித்தது. 1957 முதல் பதின்முறைக் காசும் அடுத்தடுத்துப் பதின்முறை அளவைகளும் வந்தன. அவை உலகோடு ஒட்டி வாழ வேண்டியனவே. கடைக்குக் கலமும் மரக்காலும் திரும்ப வரவேண்டா. ஆனால் கற்பிக்கும் திண்ணைக்கு அவை கிடைத்தற்கரிய கருவிகள் அல்லவா?

மூன்றாம் பிள்ளைக்கு அகவை பதினைந்து. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை இருபடியாக்கினால், அவ்வவற்றின் இருபடிகளைக் கூட்டினால் போதும் என்று எழுதுகின்றது. குறியீடுகளை மாற்றி மாற்றி எழுதிக் காட்டினாலும் அதற்கு விளங்கவில்லை. மணலில் ஒரு சதுரம் வரைக. பக்கம் ஐந்து கோல்; அதனை மூன்று கோல், இரண்டு கோல் எனப் பிரிக்க. முழுப்பரப்பு இருபத்தைந்து குழி. மூன்றின் சதுரம் ஒன்பது, இரண்டின் சதுரம் நான்கு, ஆகப் பதின்மூன்று. எஞ்சிய பன்னிரண்டு குழி எங்கே போயிற்று? மணலிலேயே அது தெரிகின்றது: மூன்றுக்கு இரண்டாய் இரண்டு பாத்திகள், ஒவ்வொன்றும் ஆறு குழி. பத்தாம் வகுப்புப் பிள்ளையை மிரட்டும் இயற்கணித வாய்பாடு, குழிமாற்றுப் படித்த சிறுவன் வரைந்து பார்த்த வயலேயன்றி வேறன்று.

இம்மூவரையும் ஒரே வகுப்பில் வைக்க முடியாது. ஒரே திண்ணையில் வைக்க முடியும். பதினைந்தகவைப் பிள்ளை பதினோரகவைப் பிள்ளைக்கு மா கணக்கு சொல்லட்டும். பதினோரகவைப் பிள்ளை ஏழகவைப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை பிரிக்கட்டும். இளையவனுக்கு விளக்க முயலும்போதுதான் மூத்தவனுக்குத் தன் அடித்தளத்தின் ஓட்டை தெரியும்.

பின்தங்கிய பிள்ளைக்கு மட்டுமே இது மருந்து என்று கருதவும் வேண்டா. குடந்தையில் வளர்ந்த இராமானுசன், தம் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக் கேட்டே, பதினோரகவை அளவில் அவர்கள் அறிந்த கணக்கையெல்லாம் கற்றுத் தீர்த்தார். வகுப்பு தந்திருக்க முடியாததை வீட்டுத்திண்ணை தந்தது. ஆனால் அப் பேரறிஞரே பின்னர்ச் சென்னையில் பிழைப்பிற்காகத் தனிப்பயிற்சி தர முயன்றபோது, தேர்வுப் பாடத்தை விட்டு முடிவிலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார் என்று அவரிடம் பயின்றவர் நினைவுகூர்ந்தனர். கற்பிப்பதற்குப் பேரறிவு முதற்றேவை அன்று. எதிரிலிருக்கும் பிள்ளையின் படிக்கு இறங்கிவரும் மனமே முதற்றேவை.

உலகம் இன்று சொல்வது

அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1984இல் ஓர் ஆய்வுமுடிவை வெளியிட்டார். ஒருவர்க்கொருவராய்க் கற்பிக்கப்பட்ட பிள்ளைகளுள் நடுத்தரமான பிள்ளை, வழக்கமான வகுப்பில் கற்ற பிள்ளைகளுள் 98 விழுக்காட்டினரை விஞ்சி நின்றது என்பது அதன் சாரம். பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஆயினும் பயன் உண்டென்பதை அவை மறுக்கவில்லை. பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை அமர்த்தும் செலவை எந்தக் குமுகாயமும் தாங்காதே, என் செய்வது என்பதே புளூம் எழுப்பிய வினா. அவ்வினாவிற்குத் திண்ணை என்றோ ஒரு விடை வைத்திருந்தது: மூத்தவன் இளையவனுக்கு.

கொரோனா நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், தமிழ்நாட்டரசு 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. தன்னார்வலர் மாலையில் பிள்ளைகளின் குடியிருப்புக்கே சென்று கற்பித்தனர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் உண்மையில் நிற்கும் நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க வகுத்தது. பெயரும் தமிழ், கருத்தும் தமிழ். அகவையைப் பார்த்தன்று, படியைப் பார்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இஃது அடையாளம். ஆனால் திட்டம் என்பது ஆட்சியாளர் மனத்தைப் பொறுத்தது. தெருவின் வழக்கமாகிவிட்டால் அதனை யாரும் நிறுத்த முடியாது.

மொழியும் எண்ணும்

ஒருவர்க்கொருவராய்க் கற்பிப்பதன் உயிர், பிள்ளையைப் பேசவைப்பதில் இருக்கின்றது. “விடை என்ன?” என்று கேட்பது தேர்வு, “எப்படிச் செய்தாய்?” என்று கேட்பதே கற்பித்தல். அவ்வினாவிற்குப் பிள்ளை தன் தாய்மொழியில் மட்டுமே தயங்காமல் விடை சொல்லும். ஆங்கில வழியில் அமர்த்தப்பட்ட பிள்ளை வாய்பாட்டை ஒப்பிக்கும். தன் பிழை எங்கே பிறந்தது என்பதைச் சொல்ல அதற்குச் சொல் இராது. சொல்லப்படாத பிழையை எந்த ஆசானும் திருத்த முடியாது.

எண்ணின் பெயரிலேயே தமிழ் கற்பிக்கின்றது. பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் கேட்கின்றன. பன்னிரண்டில் இரண்டு கேட்கின்றது. ஆங்கிலத்தின் ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்னும் ஒலிகளில் பத்தைக் காணப் பிள்ளையால் இயலாது. தமிழிலும் ஓர் இடர் உண்டு: தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பவை தம்முள் நூறும் ஆயிரமும் ஒலிக்க வருவதால், இளம்பிள்ளை மயங்கும். ஆசான் அதனை முன்னரே அறிந்து நின்று விளக்க வேண்டும். இவையனைத்தினும் மேலாக ஒன்று: பாடம் தமிழில் இருந்தால், எழுத்தறியாத பாட்டியும் துணையாசிரியர் ஆகலாம். நாழி அளந்தவரும், மீனைப் பங்கு வைத்தவரும், வட்டி கட்டி நொந்தவரும் கணக்கறியாதவர் அல்லர். ஆங்கிலப் பாடநூலே அவர்களைப் பேரப்பிள்ளையின் முன் அறியாதவராக்கிவிட்டது.

செய்ய வேண்டியது

தனிப்பயிற்சி தந்து பிழைப்போரைப் பழிப்பதில் பயனில்லை. அவருள் பலர் வேலை கிடையாத பட்டதாரிகள். நன்கு கற்பிப்போரும் உளர். அரசு தன் பள்ளிகளில் ஆசிரியர்களை நிறைவாக அமர்த்த வேண்டும் என்பதும் ஐயமற்ற கடமை. திண்ணை அதற்கு மாற்றாகிவிடக் கூடாது. ஆனால் அரசு செய்யும்வரை காத்திருக்கும் பிள்ளை, அதற்குள் ஐந்து வகுப்புக் கடந்து, கணக்கை வெறுத்து, பள்ளியையும் விட்டுவிடும்.

தெருவிற்கு ஒரு திண்ணை வேண்டும். திண்ணை இடிந்து கம்பிக்கதவு வந்துவிட்ட வீடுகளாயின், கோயில் முன்றிலோ நூலகமோ மீனவர் வலைபின்னும் கொட்டகையோ போதும். மாலையில் ஒரு மணி நேரம். ஒரு மூத்தவர், ஐந்தாறு பிள்ளைகள், அகவை வேறுபட்டே இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு. அதில் மதிப்பெண் வேண்டா. இன்று எந்த இடத்தில் தடுக்கிற்று, எப்படி விளங்கிற்று என்று இரண்டு வரி போதும். சேரியின் பிள்ளையும் ஊரின் பிள்ளையும் ஒரே பாயில் அமர வேண்டும். பெண்பிள்ளை முன்வரிசையில் இருக்க வேண்டும். பிரம்பு அப்பக்கமே வரக்கூடாது. சட்டாம்பிள்ளை அடிக்கும் பிள்ளையாய் இராமல், சொல்லிக்கொடுக்கும் பிள்ளையாய் இருக்க வேண்டும். இவ்வைந்தும் நின்றால் பழைய திண்ணையின் குறை தீரும், நிறை நிற்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் உள்ளனர். கல்லூரிப் பிள்ளைகள் உள்ளனர். தமிழின் பெயரால் மேடையேறுவோர் பலர் உள்ளனர். அவர்கள் மேடையில் செலவிடும் மாலைகளுள் கிழமைக்கு இரண்டை ஒரு பிள்ளையின் அருகில் செலவிட்டால், அதுவே மொழிக்குச் செய்யும் மெய்யான பணி. தமிழில் கணக்குப் போட அறியாத தலைமுறை தமிழில் நாட்டை ஆளும் என்று எதிர்பார்ப்பது வீண்.

பூம்புகாரில் 1973இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. கல்லில் கண்ணகியின் வரலாறு செதுக்கப்பட்டிருக்கின்றது. வருவோர் கண்டு வியந்து போகின்றனர். வியக்கட்டும். ஆனால் கடல் பழைய பட்டினத்தைக் கொண்டுபோயிற்று. 2004இல் ஆழிப்பேரலையும் இக்கரையை அறைந்தது. கல்லால் எழுப்பியதைக் கடல் கொள்ளக்கூடும். ஒரு பிள்ளையின் அறிவில் எழுப்பியதை எக்கடலும் கொள்ளாது. இன்று மாலை அத்தெருவில் நிற்கும் மீனவர் பிள்ளையின் அருகில் ஒருவர் அமர்ந்து, “எப்படிச் செய்தாய், சொல்” என்று கேட்கட்டும். புலிப்பொறி இட்ட துறை அங்கிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும்.